1960களின் மசில் கார்: ஒரிஜினலா, ஓட்டுவதற்கு ஒன்றா, புது மஸ்டாங்கா?

கையில் முப்பது, நாற்பதாயிரம் டாலர் சேர்ந்திருக்கிறது. வீட்டில் இரண்டு கார் நிற்கும் கராஜ் இருக்கிறது. நீளமான பானெட்டும் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினுமாக ஒரு பழைய அமெரிக்கக் கார் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை பல வருடமாக மனதில் கிடக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில், குறிப்பாக டெட்ராய்ட்டைச் சுற்றி ட்ராய், நோவை, ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கம் கார் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில், இந்த ஆசை உள்ளவர்கள் நிறையப் பேர். பேச்சை எடுத்ததும் “ஃபோர்டு மஸ்டாங்கா, செவர்லே கமாரோவா” என்றுதான் ஆரம்பிப்பார்கள். அது இரண்டாவது கேள்வி. காரின் பெயரைவிட அது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் உங்கள் பணத்தையும் சனிக்கிழமைகளையும் தீர்மானிக்கும்.

ஐந்து வழிகள் இருக்கின்றன. தொழிற்சாலையில் பூட்டிய எஞ்சினும் கியர்பாக்ஸும் அப்படியே இருக்கும் ஒரிஜினல் கார். யாரோ ஏற்கெனவே சரிசெய்து, ஓட்டிக்கொண்டிருக்கும் கார். பிரித்துப் போட்ட நிலையில் மலிவாகக் கிடைக்கும் புராஜெக்ட் கார். பழைய பாடிக்குள் புது எஞ்சினும் பிரேக்கும் வைத்த ரெஸ்டோமாட். கடைசியாக, பழசே வேண்டாம் என்று ஷோரூமில் நிற்கும் புதுக் கார். இரண்டாவது வழிதான் பெரும்பாலானவர்களுக்குச் சரி என்பது என் கருத்து. மற்ற நான்கும் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்கிறேன்.

அதற்கு முன், இந்தக் கார்கள் எப்படிப் பிறந்தன என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸில் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. பான்டியாக் பிரிவில் ஜான் டிலோரியனும் அவருடைய குழுவும் 1964 டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல எஞ்சினை, அதாவது 6.4 லிட்டர் எஞ்சினை, தனி மாடலாகக் காட்டாமல் ஓர் ‘ஆப்ஷன்’ என்று நுழைத்துவிட்டார்கள். அதுதான் ஜி.டி.ஓ. ஐயாயிரம் கார் விற்கும் என்று கணக்குப் போட்டார்கள். முதல் வருடமே 32,000-க்கு மேல் விற்றது. சாதாரணக் குடும்பக் காரின் பாடி, பெரிய காரின் எஞ்சின், இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை: மசில் கார் என்பது இதுதான். 1968-இல் வந்த பிளைமவுத் ரோட் ரன்னர் இதை இன்னும் இறுக்கிப் பிடித்தது. தரையில் கார்பெட் கிடையாது, ரப்பர் விரிப்புதான். பானெட்டுக்குள் 383 கன அங்குல எஞ்சின். விலை மூவாயிரம் டாலருக்குள். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான மஸ்டாங்கும் ஃபோர்டு ஃபால்கன் என்ற சிக்கனமான சின்னக் காரின் அடித்தளத்தில் கட்டியதுதான். மஸ்டாங்கைப் ‘போனி கார்’ என்று தனியாகப் பிரிப்பவர்கள் உண்டு. வாங்குகிறவருக்கு அந்தப் பிரிவினையால் பெரிய பயன் இல்லை.

ஆக, மலிவாக விற்க வேண்டும் என்று கட்டிய கார்கள் இவை. பாடித் தகட்டுக்குத் துருத் தடுப்பு, நல்ல பிரேக், உட்புறத் தரம் என்று எங்கெங்கோ மிச்சம் பிடித்துத்தான் அந்த விலைக்கு அவ்வளவு பெரிய எஞ்சினைக் கொடுத்தார்கள். இன்று இவற்றில் நாம் ரசிப்பதும் இவை நம்மைப் படுத்துவதும் இரண்டுமே அங்கிருந்துதான் வருகின்றன.

எது இழுக்கிறது

முதலில் சத்தம். வாங்குகிறவர் மனதைச் சாய்ப்பது பெரும்பாலும் அதுதான். அமெரிக்க வி8 ஐடிலில் நிற்கும்போது வரும் அந்தத் தடுமாற்றமான உறுமலுக்குக் காரணம் எஞ்சினின் உள்ளமைப்பு. செவர்லே எஞ்சினில் சிலிண்டர்கள் 1, 8, 4, 3, 6, 5, 7, 2 என்ற வரிசையில் எரிகின்றன. ஒற்றைப்படை எண்கள் இடதுபக்க வரிசை, இரட்டைப்படை வலதுபக்கம். எரியும் வரிசையைப் பக்கவாரியாகப் பார்த்தால் இடது, வலது, வலது, இடது, வலது, இடது, இடது, வலது என்று வரும். ஒரே பக்கத்தில் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து எரிந்து ஒரே குழாயில் புகையைத் தள்ளுகின்றன. அப்புறம் ஓர் இடைவெளி. மொத்த எஞ்சினும் சீராகத்தான் ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு சைலன்சர் குழாயிலும் தாளம் தப்பித் தப்பி வருகிறது. ஸ்பீக்கர் வழியாகச் செயற்கையாகச் சத்தம் கொடுக்கும் காரில் இது வராது.

அடுத்து, கையால் தொட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய எந்திரம் இது. செவர்லேயின் நடுத்தர அளவுக் காரான ஷெவெலின் பானெட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றி இடம் கிடக்கும். கீழே தரை தெரியும். அந்தக் காலச் செவர்லே வி8-இல், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் சின்னதாக ஒரு தகடு ஜன்னல் உண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஜன்னலைத் தூக்கி, உள்ளே ஆலன் கீயை விட்டு லேசாகத் திருப்பினால் பாயின்ட் (தீப்பொறியை உண்டாக்கும் சின்ன சுவிட்ச்) இடைவெளி மாறும். எஞ்சினின் குரல் மாறுவதைக் காதால் கேட்டே சரிசெய்யலாம். ஸ்கேனர் வேண்டாம், கம்பெனி மென்பொருள் வேண்டாம். அலுவலகத்தில் நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இது கொடுக்கும் நிறைவு பெரியது. இந்த வேலையில் துளியும் ஆர்வம் இல்லாதவர்கள் பழைய கார் வாங்க வேண்டாம் என்பேன். ஒவ்வொரு சின்ன ரிப்பேருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது.

மூன்றாவது, மனிதர்கள். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட்டின் வடக்கே ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் நகரம் வரை உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகும். 1995-இல் தொடங்கிய நிகழ்வு அது. 1960களில் இளைஞர்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட அதே சாலை. ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் எழுபது, எண்பது வயதுக்காரர்களில் இந்தக் கார்களைத் தொழிற்சாலையில் நின்று பூட்டியவர்களும் இருப்பார்கள். அவர்களோடு பேச உங்களிடம் பழைய கார் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆர்வம் இருந்தால் போதும். ஆனால் காரோடு போய் நின்றால் அவர்களே வந்து பேசுவார்கள்.

வேகம் பற்றிய கணக்கு

வேகத்துக்காகப் பழைய காரைத் தேடுகிறீர்கள் என்றால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். 1960களின் விளம்பரங்களில் இருக்கும் குதிரைத்திறன் எண்கள் ‘கிராஸ்’ கணக்கு: ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் எஞ்சினை மட்டும் பெஞ்சில் வைத்து அளந்தது. காரில் பூட்டிய நிலையில் அளக்கும் ‘நெட்’ கணக்குக்கு 1972 மாடல்களில் மாறினார்கள். 1971 கமாரோ இசட்/28-க்கு இரண்டு எண்ணும் உண்டு. கிராஸ் 330, நெட் 275. ஒரே வருடம், ஒரே எஞ்சின். 2015-இல் வந்த மஸ்டாங்கின் 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சினுக்கு நெட் கணக்கிலேயே 310 குதிரைத்திறன். கூடவே நல்ல டயர், நல்ல கியர்பாக்ஸ். பெயர்பெற்ற பழைய வி8-களில் பலவற்றை அது முந்திவிடும்.

நிறுத்துவதில் இடைவெளி இன்னும் அதிகம். இந்தக் கார்களில் பலவும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கோடு வந்தவை; முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். 1966 வரை பெரும்பாலான கார்களில் பிரேக்குக்கு ஒரே ஹைட்ராலிக் சுற்றுதான். ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967-இல்தான் இரட்டைச் சுற்று பொதுவாக வந்தது. மோதினால் மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் அதையொட்டி வந்ததுதான். முன்சீட்டுக்குத் தோள்பட்டை பெல்ட் 1968-இல், தலைக்குத் தாங்கல் 1969-இல் கட்டாயமானது. 1970 வரைக்குமான மஸ்டாங்குகளில் பெட்ரோல் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. பின்னாலிருந்து பலமாக மோதினால் பெட்ரோலுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. டேங்குக்கு மேல் பூட்டும் தடுப்புத் தகடு இப்போது கிடைக்கிறது. மஸ்டாங் வாங்கினால் முதல் மாதமே அதைப் பூட்டிவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். குழந்தை சீட்டைக் கொளுவும் கொக்கிகள் அமெரிக்கக் கார்களில் 2002-இல்தான் முழுமையாகக் கட்டாயமாயின. பழைய மசில் காரில் சின்னக் குழந்தையை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போவது சரியில்லை. வீட்டில் எல்லோரும் போக ஒரே ஒரு ‘ஜாலி’ கார்தான் வாங்க முடியும் என்றால், இந்தக் கட்டுரையில் புதுக் கார் பற்றிய பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

பெட்ரோல் செலவை ஒரே வரியில் சொல்லலாம்: லிட்டருக்கு நான்கிலிருந்து ஆறு கிலோமீட்டர். வருடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் மைல் ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. எந்தப் பெட்ரோல் என்பதுதான் விஷயம். உயர் அழுத்த விகிதம் உள்ள பெரிய எஞ்சின்கள் ஈயம் கலந்த உயர்ரக பெட்ரோலுக்காகச் செய்தவை. சாலை வாகனங்களுக்கு அந்தப் பெட்ரோல் விற்பது 1996 தொடக்கத்தோடு அமெரிக்காவில் தடையானது. இன்றைய பிரீமியத்தில் அந்த எஞ்சின்களில் சில நாக் அடிக்கும் (பெட்ரோல் கண்டபடி வெடித்துத் தட்டும்), தீப்பொறி விழும் நேரமான டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டியிருக்கும். மஸ்டாங்கின் 289 கன அங்குல, இரட்டை பேரல் கார்புரேட்டர் எஞ்சினுக்கு அழுத்த விகிதம் 9.3தான், அது சாதாரண பெட்ரோலிலேயே ஓடும். இரண்டு விஷயத்தை விற்பவரிடம் கேட்டு வையுங்கள். எஞ்சின் பிரித்து வேலை பார்த்தபோது ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும் கடினப்படுத்திய வால்வு சீட் போட்டார்களா? பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினார்களா? இரண்டாவது கேள்விக்கு “தெரியாது” என்று பதில் வந்தால், வாங்கிய வாரமே எல்லா ஹோஸையும் மாற்றிவிடுங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் ஒழுகி எரிந்துபோன பழைய கார்கள் பல. எண்ணெயிலும் கவனம் தேவை: இந்தக் காலத்து எண்ணெய்களில் துத்தநாகச் சேர்மம் குறைவு, பழைய வகை கேம் ஷாப்ட் அதில் தேய்ந்துவிடும். அதற்கென்று தனி எண்ணெய் கிடைக்கிறது.

ஒரிஜினல் கார்

எண்கள் பொருந்தும் கார் என்றால் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணும் காரின் சேசிஸ் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 1971-இல் 426 ஹெமி எஞ்சினோடு வந்த பிளைமவுத் ’குடா கன்வெர்டிபிள்கள் பத்துப் பன்னிரண்டுதான்; அதில் ஒன்று 2014-இல் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. நம்முடைய பட்ஜெட்டில் அதெல்லாம் கதை. ஆனால் அந்தக் கதையின் வால் நம் விலையிலும் நீள்கிறது; ஒரே ஷெவெல், எண்கள் பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் கணிசமாகக் குறைவு.

இந்த விலை வித்தியாசம்தான் போலிகளை உண்டாக்குகிறது. 1969 முதல் 1971 வரையிலான ஷெவெலில் அது எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) என்ற உயர்திறன் மாடல்தானா என்பதைச் சேசிஸ் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. எஸ்.எஸ். அப்போது வெறும் ஆப்ஷன் தொகுப்பு. சாதாரண ஷெவெலுக்குக் கறுப்புக் கோடும் பேட்ஜும் ஒட்டி எஸ்.எஸ். ஆக்கிவிடலாம். 1964, 65 ஜி.டி.ஓ.-வும் அப்படித்தான், 1966-இலிருந்துதான் 242 என்று தொடங்கும் தனி எண் வந்தது. பான்டியாக்குக்குக் கம்பெனி ஆவணங்களின் நகல் வாங்கலாம். 1967 முதல் வந்த ஃபோர்டுகளுக்கு உற்பத்திப் பதிவிலிருந்து அறிக்கை வாங்கலாம். மஸ்டாங் சேசிஸ் எண்ணின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும்: சி என்றால் இரட்டை பேரல் 289, ஏ என்றால் நான்கு பேரல், கே என்றால் அரிதான உயர்திறன் ரகம். ஆவணம் இல்லாத எஸ்.எஸ்.-ஐச் சாதாரண ஷெவெல் விலைக்குக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் விட்டுவிடலாம்.

நல்ல ஒரிஜினல் கார் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் அதை ஓட்டப் பயப்படுவீர்கள். எஞ்சின் பிளாக்கில் விரிசல் விட்டால் மதிப்பே போய்விடும். பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்றுகூட யோசிக்க வேண்டியிருக்கும். சேகரிப்பவர்களுக்கு அந்தக் கவலையே ஓர் இன்பம், அவர்கள் வாங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரை வரை ஓட்டிப் போய்க் காபி குடிக்க நினைப்பவருக்கு, எண்கள் பொருந்துவதற்காகக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்.

புராஜெக்ட்

எட்டாயிரம் டாலருக்கு 1968 மஸ்டாங், “எல்லா பார்ட்ஸும் பெட்டியில் இருக்கிறது” என்று விளம்பரம் வரும். எட்டாயிரம்தான் ஆரம்பம். பாடி வேலையும் பெயின்டும்தான் செலவின் பெரும்பகுதி; அதை நல்ல கடையில் மணிக்கூலிக்குச் செய்தால் முடித்த காரின் சந்தை விலையைத் தாண்டிவிடும். மஸ்டாங், கமாரோ இரண்டுக்கும் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். துருப்பிடித்த பழைய பாடியை மீட்பது அவ்வளவு செலவு பிடிக்கும் வேலை. வெல்டிங் தெரிந்தவர், சொந்தமாகக் கம்ப்ரசர் வைத்திருப்பவர், வேலை செய்வதே பொழுதுபோக்கு என்பவர் தாராளமாக இறங்கலாம். மற்றவர்கள் கராஜில் பாதி இடத்தைப் பல வருடத்துக்கு இழப்பார்கள். பெட்டியில் இருப்பதாகச் சொன்ன பார்ட்ஸில் எது இல்லை என்பது கடைசியில்தான் தெரியும்.

ரெஸ்டோமாட்

ஓட்ட மிகவும் சுகமானது இதுதான். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், நான்கு சக்கர டிஸ்க், ஐந்து கியர், வேலை செய்கிற ஏ.சி. என்று எல்லாம் இருக்கும். பழைய முகமும் இருக்கும். பெயர்பெற்ற கடையில் கட்டினால் செலவு லட்சம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். விற்கப்போனால் உங்கள் ரசனையோடு ஒத்துப்போகிற ஒருவர் வர வேண்டும். என் பெரிய தயக்கம் வேறு. வீட்டில் கட்டிய ரெஸ்டோமாடில் வயரிங் எப்படி ஓடுகிறது, பிரேக் பெடலின் விகிதம் புது மாஸ்டர் சிலிண்டருக்குப் பொருந்துகிறதா என்பதெல்லாம் கட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். வயரிங் வரைபடமும் பார்ட்ஸ் ரசீதுகளும் கொடுக்க முடியாதவரிடம் ரெஸ்டோமாட் வாங்காதீர்கள்.

மிதமான வழி ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். பழைய எஞ்சினை அப்படியே விட்டு, முன்சக்கர டிஸ்க் பிரேக், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், ரேடியல் டயர், எலெக்ட்ரானிக் இக்னிஷன், மூன்று முனை சீட் பெல்ட் ஆகிய ஐந்தை மட்டும் மாற்றுவது. காரின் குணம் கெடாது, ஆனால் இன்றைய போக்குவரத்தில் பயமில்லாமல் போகலாம்.

ஓட்டுவதற்கான கார்: துருவைப் பாருங்கள்

இனி நான் சொன்ன இரண்டாவது வழி. சிறிய வி8, பொருந்தாத எண்கள், ஐந்தடி தள்ளி நின்று பார்த்தால் அழகான பெயின்ட், கிட்டே போனால் சில குறைகள். இந்த நிலையில் உள்ள மஸ்டாங் கூபே இருபதாயிரத்திலிருந்து முப்பதாயிரம் டாலருக்குள் பார்க்கக் கிடைக்கும். எஞ்சின் சுமாராக இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். 289, 302, செவர்லே 350 எல்லாவற்றுக்கும் திரும்பக் கட்டிய எஞ்சின் வாங்கி ஒரு வார இறுதியில் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பாடி மட்டும் நன்றாக இருக்க வேண்டும்.

மஸ்டாங்கில் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்குப் பக்கத்தில் காற்று உள்ளே போகும் ஜன்னல் கம்பிகள் இருக்கும். அதன் அடியில் இரண்டு தகடுகள் சேர்ந்த ஒரு பெட்டி மறைந்திருக்கிறது. இலைச் சருகும் மண்ணும் அதில் சேர்ந்து ஈரம் தங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு ஜக்குத் தண்ணீரை அங்கே மெதுவாக ஊற்றுங்கள். நண்பர் ஒருவர் உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். தண்ணீர் தரை விரிப்பில் சொட்டினால், சரிசெய்ய டஜன் கணக்கான ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்தெடுத்து முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். விற்பவர் தண்ணீர் ஊற்ற மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்து ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கர வளைவின் விளிம்பு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டை, பின்கண்ணாடியின் கீழ் மூலைகள் ஆகிய இடங்களில் நகர்த்துங்கள். காந்தம் ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டிதான் இருக்கிறது. கூரைக்கு வினைல் ஒட்டிய கார்களில் அந்த வினைலுக்கு அடியில் துரு மறைந்திருக்கும், அவற்றில் இரட்டிப்புக் கவனம் தேவை. அப்புறம் காரை ஜாக்கியில் தூக்கி, மஸ்டாங் என்றால் தரையோடு சேர்ந்த சட்டங்களையும், ஷெவெல், ஜி.டி.ஓ. என்றால் தனி சேசிஸின் பின்வளைவையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மிச்சிகன், ஒஹாயோ மாதிரி குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் மாநிலங்களில் ஓடிய காரைவிட அரிசோனா, கலிபோர்னியாவிலிருந்து வந்த கார் மேல். வெயிலில் சீட்டும் ரப்பரும் வெடித்திருக்கும், ஆனால் சீட் தைப்பது பாடி வெல்டிங்கைவிட எவ்வளவோ மலிவு.

எந்தக் கார் என்ற கேள்விக்கு இப்போது வரலாம். முதல்முறை வாங்குகிறவருக்கு 1967, 68 மஸ்டாங். பார்ட்ஸ் எல்லாம் கேட்லாக்கில் கிடைக்கும், விலையும் குறைவு. 1967 முதல் 69 வரையிலான கமாரோவுக்கும் பார்ட்ஸ் அதே அளவு கிடைக்கும், காரின் விலை அதிகம். நான்கு பேர் தாராளமாக உட்கார வேண்டும் என்றால் ஷெவெல். டாட்ஜ், பிளைமவுத் கார்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. 1968 சார்ஜரின் பக்கவாட்டு வடிவத்துக்கு ஈடு இல்லை. ஆனால் தயாரானவை குறைவு, விலையும் பார்ட்ஸ் செலவும் கூடுதல். அவற்றை இரண்டாவது காராக வைத்துக்கொள்ளலாம்.

புதுக் கார்

செவர்லே கமாரோ, டாட்ஜ் சேலஞ்சர் இரண்டின் உற்பத்தியும் 2023 டிசம்பரில் நின்றுவிட்டது. பழைய பாணியில் வி8-உம் கையால் மாற்றும் கியரும் கொண்டு புதிதாக வாங்கக் கிடைப்பது மஸ்டாங் ஜி.டி.தான். விலை நாற்பதாயிரம் டாலருக்கு மேல். 5 லிட்டர், 480 குதிரைத்திறன், ஏர்பேக், வாரன்டி, குழந்தை சீட்டுக் கொக்கி. தினமும் அலுவலகத்துக்கு ஓட்டலாம். வாங்கிய நாளிலிருந்து விலை இறங்கும் என்பது மட்டும் குறை. நன்றாகப் பராமரித்த பழைய கார் பெரும்பாலும் போட்ட விலையை ஓரளவு தக்கவைத்துக்கொள்ளும். இரண்டு, மூன்று வருடம் ஓடிய ஜி.டி. அல்லது 6.4 லிட்டர் சேலஞ்சர் வாங்கினால் அந்த இழப்பின் பெரும்பகுதி முந்தைய உரிமையாளரோடு போய்விடும். வேகமும் சத்தமும் வேண்டும், எண்ணெய்க் கறை வேண்டாம் என்பவருக்கு இதுவே சரியான கார்.

இன்சூரன்ஸில் பழைய காருக்கு ஒரு நன்மை உண்டு. சேகரிப்புக் கார்களுக்கான பாலிசியில் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பு முழுதாகக் கிடைக்கும், பிரீமியமும் குறைவு. பதிலுக்கு, தினசரி ஓட்ட வேறு கார் இருக்க வேண்டும், பூட்டிய கராஜில் நிறுத்த வேண்டும் என்பார்கள். மிச்சிகனில் 26 வருடம் ஆன கார்களுக்கு வரலாற்று வாகன நம்பர் பிளேட் வாங்கலாம். அதில் கண்காட்சி, கிளப் நிகழ்ச்சி, ஊர்வலங்களுக்கு ஓட்டலாம். ஆகஸ்ட் மாதம் முழுக்க எங்கே வேண்டுமானாலும் போகலாம். மற்ற மாதங்களில் கடைக்குப் போய்வர வேண்டும் என்றால் சாதாரண பிளேட்டே வாங்கிக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைச் சோதனை கிடையாது.

வடக்கு மாநிலங்களில் இருந்தால் நவம்பரில் தேடுங்கள். குளிர்காலம் முழுக்கக் காரைக் கராஜில் வைத்திருக்க விரும்பாதவர்கள் அப்போது விலையில் இறங்கி வருவார்கள். பார்க்கப் போகும் முன் விற்பவரிடம், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலரேட்டரை ஒருமுறை முழுக்க மிதித்து விட்டால் சோக் பிடித்துக்கொள்ளும். முதல் சில நொடி நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், அது சின்னச் செலவு. சூடான பிறகும் நீலப் புகை தொடர்ந்தால் பிஸ்டன் ரிங், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பானெட் ஏற்கெனவே சூடாக இருந்தால், எஞ்சின் முழுக்க ஆறும் வரை காத்திருங்கள், அல்லது இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.